பேசக் கூடாது

தொண்டை டாக்டரின் வரவேற்பறையில் மாமனுக்கும் மச்சானுக்கும் முட்டிக்கொண்டது. காரணம், காலையில் வெளியான சினிமா விருதுப் பட்டியல்.

“போலீஸா நடிச்சவளுக்கு நாமினேஷன், டீச்சரா நடிச்ச எங்க ஆளுக்கு இல்லையா? அநியாயம் மாமா!”

“என்னடா அநியாயம்? கோர்ட் சீன்ல எங்க ஆளு கதறுவாளே, அந்தக் குரலுக்கே விருது குடுக்கலாம். உன் டீச்சருக்குப் பேச வருமா?”

“எங்க டீச்சர் குரலுக்கு அது கால் தூசி!”

மச்சான் பக்கத்து நாற்காலிப் பெண்மணியிடம் திரும்பினான்.

“நீங்களே சொல்லுங்கம்மா. யாரு குரல் ஒசத்தி?”

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டி, பேசக் கூடாது என்று கையசைத்தார்.

மாமன் எழுந்து மச்சானின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். மச்சான் கையை ஓங்கினான்.

“ஐயோ, விடுங்க! அடிச்சுக்காதீங்க!” என்று ஒரு பெண்குரல் கதறியது.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

“எங்க போலீஸ்!” என்றார் மாமன்.

“எங்க டீச்சர்!” என்றான் மச்சான்.

இருவரும் அவரவர் நாயகியைத் தேடி வாசலுக்கு ஓடினார்கள்.

டாக்டர் கதவைத் திறந்து அந்தப் பெண்மணியை முறைத்தார்.

“ஒரே மாசத்துல ரெண்டு ஹீரோயினுக்கு டப்பிங் பேசித்தானே தொண்டை புண்ணாச்சு? இப்ப மறுபடி யாருக்குக் குரல் குடுத்தீங்க?”