ஏழ்மையைப் பார்க்க வந்தவர்

ஏழை மாணவர்களுக்கான கல்லூரி உதவித்தொகைக்கு மகள் விண்ணப்பித்திருந்தாள். வீட்டைச் சோதிக்க வந்த அதிகாரி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுவரைத் தடவினார்.

“இந்த இடம் மட்டும் பளிச்சுனு இருக்கே, டிவி இருந்துச்சா?”

“காலண்டர் சார்,” என்றார் அப்பா.

“இவ்ளோ பெரிய காலண்டரா?”

அப்பா அசடு வழிந்தார். அம்மா பின்வாசல் வழியாக ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்ததும் அதிகாரியின் முகம் சுருங்கியது.

“ஃபிரிட்ஜே இல்லாத வீட்டுல தண்ணி எப்படிம்மா பல்லைக் கூசுது? உண்மையைச் சொல்லுங்க, எல்லாத்தையும் எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

“பக்கத்து வீட்டுல சார். பொண்ணு படிப்பைக் கெடுத்துடாதீங்க!” என்றாள் அம்மா.

அதிகாரி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அங்க இன்னொரு ஃபிரிட்ஜுக்கு இடம் இருக்குமா? நாளைக்கு என் பையனோட உதவித்தொகைக்கு என் வீட்டைப் பார்க்க வர்றாங்க.”