செய்முறைத் தேர்வு

“காலேஜ்ல உங்களுக்கெல்லாம் என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?” என்றார் மேனேஜர்.

நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த வேலை அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

எதிரே இருந்த கம்ப்யூட்டர், ஆன் செய்த சற்று நேரத்தில் உறைந்து நின்றது. காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் தேர்வு.

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னல் எந்த மெமரியை எதற்கு ஒதுக்கியிருக்கிறது என்று திரையில் வரவழைத்து, வரி வரியாகப் பார்த்தாள்.

“என்னம்மா, கைரேகை பாக்குறியா?”

“சார், இந்த இடம் நெட்வொர்க் கார்டோடது. கெர்னல் அதைக் காலி மெமரின்னு நெனச்சு அதுமேலயே எழுதுது. அதான் நின்னுடுது.”

“பெரிய கண்டுபிடிப்பு! இது எங்க வாட்ச்மேனுக்கே தெரியும். எங்கே, சரிபண்ணு பாப்போம்.”

சரிசெய்தாள். கம்ப்யூட்டர் மதியம்வரை நிற்காமல் ஓடியது.

“சுமார்தான். சொல்லி அனுப்புறோம், கெளம்பு.”

அவள் போனதும் மேனேஜர் வாடிக்கையாளருக்கு போன் செய்தார். “உங்க மெஷின் ரெடி சார். எங்க பசங்க கண்ணு முழிச்சு சரிபண்ணிட்டாங்க.”

உதவியாளர் தயங்கினார். “சார், அந்தப் பொண்ணுக்கு வேலை...?”

“நம்மகிட்ட வேலை எங்கய்யா இருக்கு? அடுத்த மெஷின்ல சத்தம் வரலையாம். நாளைக்கு ரெண்டு பேரை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லு.”