நாலரை மணிப் பாட்டு

சரியாக நாலரைக்கு மாடியில் 'கண்ணே, கண்ணே' என்று பாட்டு ஆரம்பித்தது.

"ஆரம்பிச்சாச்சு!" கணக்கு டீச்சர் சிவப்புப் பேனாவை மேஜையில் போட்டார்.

இன்னும் அறுபது விடைத்தாள் பாக்கி. காலையில் எல்லாம் ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையில் இருக்க வேண்டும்.

போன பரீட்சையில் ஒரே ஒரு கூட்டல் தப்பு. பாஸாக வேண்டிய பெண் ஃபெயில். மறுகூட்டலில் சரிசெய்து விட்டார்கள்தான். ஆனால் அதற்குள் அந்தப் பெண் நாலு நாள் சாப்பிடவே இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து டீச்சருக்குப் பயம். ஒவ்வொரு தாளையும் மூன்று தடவை கூட்டுகிறார். ஆள் ஓய்ந்தே போய்விட்டார்.

"பாட்டு கேட்டா மூளை நல்லா வேலை செய்யுமாம்," என்றார் கணவர். "ஆபீஸ்ல நான் கேட்டுக்கிட்டேதான் ஃபைல் பார்க்கிறேன்."

"உங்க ஃபைலெல்லாம் ஏன் திரும்பித் திரும்பி வருதுன்னு இப்பத்தான் புரியுது."

கணவர் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

டீச்சர் அடுத்த தாளை எடுத்தார். விடை சரி, வழிமுறை இல்லை. ஓரத்தில் குறிப்பு எழுதிவிட்டுப் பார்த்தால் தூக்கிவாரிப் போட்டது.

'வழிமுறை எங்கே கண்ணே?'

அவ்வளவுதான். விறுவிறுவென்று மாடியேறினார்.

கதவைத் திறந்தவர் எலக்ட்ரீஷியன். குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது. சட்டையெல்லாம் வியர்வை.

"என்னங்க, டான்ஸா? கீழ மனுஷங்க இருக்கோம்ல? ஒவ்வொரு பிள்ளையோட மார்க்கும் என் கையில இருக்கு. கொஞ்சமாவது மனசாட்சி வேணாம்?"

"மன்னிச்சுக்குங்க டீச்சர்." அவர் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினார்.

உள்ளறையிலிருந்து ஒரு பெண்ணின் முனகல் கேட்டது.

"என் சம்சாரம். முட்டியில ஆபரேஷன். தினமும் அரை மணி நேரம் காலை மடக்கி நீட்டணும், இல்லேன்னா இறுகிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வேலைக்கு நடுவுல வந்து நான்தான் மடக்கி விடுறேன். வலி தாங்காம கத்துவா."

டீச்சருக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி இறங்க மனசில்லை.

"வலி மறக்கத்தானே பாட்டு? அவங்க காதுல மட்டும் மாட்டி விடலாமே?"

"அவளுக்கா? பாட்டுச் சத்தம்னாலே தலைவலி வந்துடும் டீச்சர்."

"அப்புறம் யாருக்கு இந்தக் கச்சேரி?"

அவர் தயங்கி உள்ளே பார்த்தார். அங்கிருந்து மூச்சு வாங்க வாங்கக் குரல் வந்தது.

"நான்தான் வைக்கச் சொன்னேன் டீச்சர். கீழ நீங்க பேப்பர் திருத்துவீங்கன்னு தெரியும். பாட்டு கேட்டுச்சுன்னா எப்படியாவது சமாளிச்சுடலாம்... ஒருத்தி அழுறதைக் கேட்டுக்கிட்டு எப்படிங்க வேலை பார்ப்பீங்க?"