ஏழாவது அறை

"மெதுவா நகர்த்தும்மா. செவுத்துல முட்டினா மறுபடி ஒண்ணாவது ரூம்லேர்ந்து வரணும்," என்றான் மகன்.

மெதுவாகத்தான் நகர்த்தினேன். எனக்கென்ன அவசரம்? முடிவே வராமல் இருந்தால் தேவலை என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

பதின்மூன்று வயதில் அவன் செய்த விளையாட்டு இது. ஒரு கறுப்பு எறும்பு, ஏழு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒளிந்திருக்கும் சாவியை எடுத்தால் அடுத்த கதவு திறக்கும். இணையத்தில் ஏற்றி, என் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்தான். "கடைசி ரூம்ல உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்," என்றான்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் ஃபிளாஷ் என்று ஒன்றில் ஓடியது. பிறகு அந்த ஃபிளாஷையே நிறுத்திவிட்டார்கள். எறும்பும் நின்றுபோனது.

இப்போது யாரோ சிலர், முன்பின் தெரியாதவர்கள், பழைய விளையாட்டுகளையும் கார்ட்டூன்களையும் தேடிப் பிடித்து, மறுபடி ஓட வைத்து, பத்திரப்படுத்துகிறார்களாம். இவனுடைய எறும்பும் அவர்கள் கையில் அகப்பட்டிருக்கிறது. உள்ளே சேர்க்கும் முன் ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்கு அதை முழுதாக ஆடிய ஒருவர் இன்றைக்கும் ஆடிப் பார்த்து, எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். செய்தவன் சொன்னால் செல்லாது.

"முழுசா முடிச்ச ஒரே ஆளு நீதாம்மா," என்று மடிக்கணினியை என் முன்னால் வைத்துவிட்டான். தலையில் வழுக்கை விழுந்த பிள்ளை, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

நான் மூன்றாவது அறையைத் தாண்டியதே இல்லை.

பிறந்தநாளும் அதுவுமாக அன்றைக்கு முப்பது சீருடைச் சட்டைகளுக்குக் கை வைத்து, பொத்தான் தைத்து முடிக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் கொடுத்தாக வேண்டும். எறும்போடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன். அது சுவரில் முட்டி முட்டி என் உயிரை வாங்கியது. மூடிவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்து பக்கத்தில் நின்றான். "முடிச்சியாம்மா?"

"முடிச்சேன்டா. ரொம்ப நல்லா இருந்துச்சு." மிதித்த காலை நிறுத்தவில்லை.

"கடைசி ரூம்ல என்ன இருந்துச்சு, சொல்லு பாப்போம்."

தலையை நிமிர்த்தினேன். கதவுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. "குடை. மஞ்சக் குடை."

அவனும் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தான். பிறகு, "ஆமாம்மா, குடைதான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகிவிட்டதா, பிள்ளை விட்டுக்கொடுத்தானா என்று யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை. இன்னும் பதினொரு சட்டை பாக்கி.

அதற்குப் பிறகு அவன் வேறு விளையாட்டு எதுவும் செய்யவில்லை. படிப்பு கூடிப்போயிற்று என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டேன். கடைசியில் குடை இல்லையென்றால் இத்தனை வருஷம் கழித்து அவன் முன்னாலேயே என் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

நாலு. ஐந்து. எல்லாமே எனக்குப் புது அறைகள். "ஆமா ஆமா, இதேதான்," என்று தலையாட்டிக்கொண்டே போனேன்.

"என்னம்மா, புதுசா பாக்கற மாதிரி பாக்கற?"

"வயசாச்சுல்ல. இப்ப எனக்கு எல்லாமே புதுசுதான்."

ஆறாவது அறையில் ஒரு தையல் மெஷின் இருந்தது. என்னுடையதேதான். ஊசிக்கு மேலே சின்ன விளக்கு, சக்கரத்துக்குக் கீழே அதன் நிழல், மூலையில் மடித்து வைத்த சட்டைகள். நூலைப் பிடித்து ஏறினால்தான் எறும்புக்குச் சாவி கிடைக்கும். எத்தனை நாள் உட்கார்ந்து வரைந்தானோ.

ஏழாவது கதவு திறந்தது.

மஞ்சள் குடை.

என் வாய்முகூர்த்தம் பலித்திருக்கிறதே என்று எனக்கு மூச்சு வந்தது. "பாத்தியா, குடை," என்று பெருமையாகக்கூடச் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன். அந்த அறையில் விளக்கு இல்லை, நிழல் இல்லை. வெற்றுச் சுவரும், அவசரமாகக் கிறுக்கிய குடையும்தான். குடையில் ஒரு கம்பி வளைந்திருந்தது.

கதவுக்குப் பின்னால் தொங்கிய எங்கள் குடையிலும் அதே கம்பிதான் வளைந்திருந்தது.

ஒவ்வோர் அறையும் கடைசியாக ஏற்றப்பட்ட நாளையும் நேரத்தையும் அந்தப் பத்திரப்படுத்துகிறவர்கள் திரையின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஆறு அறைகளுக்கும் என் பிறந்தநாளுக்கு முந்தின நாள். ஏழாவதுக்கு மட்டும் பிறந்தநாளுக்கு மறுநாள். காலை ஐந்தேகால் மணி.

பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப நான் தினமும் தொண்டை கிழியக் கத்த வேண்டிய பிள்ளை அவன்.

"டேய், இங்க முதல்ல என்னடா வச்சிருந்த?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தான்.

"குடைதான்மா. நீதானே பாத்துட்டு வந்து சொன்ன."

எறும்பு குடைக்கு அடியில் போய் நின்றுவிட்டது. கீழே கேள்வி வந்தது: முன்பு இருந்தபடியே இருக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"இல்லடா, அன்னைக்கு நான் வந்து..."

"அமுக்கும்மா. எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு."

ஞாயிற்றுக்கிழமை.

‘ஆம்’ என்பதை அமுக்கினேன்.