சோதனைச் செய்தி

"அழுவாத! நான் உசுரோடதான் கீறேன். நல்லா பாத்துக்கோ!"

வாசலில் தண்டபாணியின் அதட்டல் கேட்டதும் ஸ்வேதா கணினி முன்னாலிருந்து எழுந்து ஓடினாள். பின்னாலேயே பாலாவும்.

உத்திரமேரூர் ரத்ததானச் சங்கத்தின் வாசலில் ஒரு பெண் மூச்சிரைக்க நின்றிருந்தாள். காற்றில் தலையெல்லாம் கலைந்து கிடந்தது. சற்றுத் தள்ளி, மோட்டார் சைக்கிளை நிறுத்திய ஒருவன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, ஊசிக்குத் தயாராக நின்றான்.

"உனக்கு ஆபரேஷன், அவசரமா ரத்தம் வேணும், ஆபீசுக்கு வாங்கன்னு மெசேஜ் வந்துச்சே நைனா! பழையசீவரத்துலேர்ந்து எப்படி வந்து சேந்தோம்னு எங்களுக்கே தெரியல."

"எனக்கு இன்னா கேடு? காலைல கூட நாலு இட்லி துன்னேன்."

ஸ்வேதா திரும்பி உள்ளே இருந்த கணினியைப் பார்த்தாள்.

தொண்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் இரண்டு நாள் போட்டி அது. கல்லூரியிலிருந்து மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். ஸ்வேதாவுக்கும் பாலாவுக்கும் இந்தச் சங்கம் வாய்த்தது. நோயாளியின் பெயரை அடித்து ஒரு பொத்தானை அமுக்கினால், கணினியோடு கம்பியில் இணைத்த செல்போன் வழியாகக் கொடையாளர்கள் அத்தனை பேருக்கும் செய்தி பறக்கும். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நோயாளி தேவைப்பட்டார். பாலா தன் நண்பன் பெயரைச் சொன்னதும் சங்கத் தலைவர் தண்டபாணி சீறினார்.

"நல்லா கீற புள்ள பேரப் போயி பேஷண்டுன்னு போடுவியா? என் பேரப் போடு. வர்றது எனக்கு வரட்டும்."

போட்டார்கள். அனுப்பாமல் திரையில் அப்படியே விட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததுமே வாசலில் இந்த அழுகை.

சாப்பிட எழுந்த அவசரத்தில் தன் கைதான் பொத்தானில் பட்டிருக்க வேண்டும் என்று ஸ்வேதாவுக்குத் தோன்றியது.

"பாலா, எத்தனை பேருக்குப் போயிருக்குன்னு பாரு. ஓடு!"

முன்னூறு கொடையாளர்கள். தாமலிலிருந்தும் ஏனாத்தூரிலிருந்தும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரப் போகிறார்கள். பொய் என்று தெரிந்துவிட்டால், நாளைக்கு நிஜமாகவே ஒரு உயிர் துடிக்கும்போது ஒருவரும் அசைய மாட்டார்கள். வீடு வீடாகப் படியேறி, தன் வாக்கை நம்பச் சொல்லி அந்த மனிதர் சேர்த்த சங்கம். ஒரு விரல் பட்டதில் போய்விடும்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. என்னாலதான்..."

"நீ கம்முனு இரு பாப்பா. இது எங்க வூட்டு சமாச்சாரம்."

ஸ்வேதா விழித்தாள். பிள்ளைகள் உண்டா என்று காலையில் பாலா கேட்டதற்கு, "இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர் அவர்.

தண்டபாணி மகள் பக்கம் திரும்பினார். முதுகு விறைப்பாகவே இருந்தது. "இந்தா அம்சா, நான் ஒண்ணும் உன்னக் கூப்புடல. அந்த மிஷின் கூப்புட்டுது. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது நைனா."

"என் பேச்ச மீறிக் கண்ணாலம் கட்டிக்கினவள இந்த வாயால கூப்புட மாட்டேன்னு அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

"சொன்ன. ஆறு வருசமா அதக் காப்பாத்திக்கினுதான் கீற." அம்சா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்த மிஷினாவது கூப்புட்டுதே, அதுக்குப் புண்ணியமாப் போவட்டும்."

வண்டியருகே நின்றவன் தயங்கித் தயங்கி முன்னே வந்தான். "அப்ப ரத்தம் வேணாமா மாமா?"

"யாருடா உனக்கு மாமா?" தண்டபாணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். சுருட்டிவிட்ட சட்டைக் கையில் அவர் பார்வை நின்றது. "உன் ரத்தம் எனக்குச் சேருமா?"

"தெரியல மாமா. எடுத்துப் பாக்கட்டும்னு வந்துட்டேன்."

தண்டபாணி தொண்டையைச் செருமினார்.

"இன்னாத்துக்கு வெயில்ல காயற? வண்டிய நெயல்ல வுட்டுட்டு உள்ள வா, தானியேலு. டீ சொல்றேன்."

புருஷனின் பெயர் அப்பா வாயில் வந்ததைக் கேட்டு அம்சா மறுபடியும் அழத் தொடங்கினாள்.

ஸ்வேதாவின் கண்ணோ சாலை மேலேயே இருந்தது. ஒரு பேருந்து நின்று கிளம்பியது. ஒருவரும் இறங்கி ஓடிவரவில்லை.

அம்சா வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீதான் தெரியாம அமுக்கிட்டியா கண்ணு? இந்தக் கைக்குத் தங்க வளையல் போடணும்."

ஸ்வேதா பதில் சொல்லுமுன் பாலா வந்து அவள் காதோரம் குனிந்தான்.

"முன்னூறு பேருக்கெல்லாம் போகல. ஒரே ஒரு நம்பருக்குத்தான் போயிருக்கு. அதுவும் கொடையாளருங்க நம்பர் இல்ல. நாம சாப்பிடப் போனப்ப யாரோ உக்காந்து ஒவ்வொரு எண்ணா அடிச்சு அனுப்பியிருக்காங்க."

அவர்கள் சாப்பிடப் போனபோது அறையைப் பார்த்துக்கொண்டவர் தண்டபாணி மட்டும்தான்.

ஸ்வேதா நிமிர்ந்தாள். அவர் கதவோரம் அவளுக்கு முதுகைக் காட்டி, அசையாமல் நின்றிருந்தார்.

"ஆமாக்கா," என்றாள் ஸ்வேதா, அவர் காதிலும் விழும்படி உரக்க. "என் கைதான் தெரியாம பட்டுடுச்சு."