மூன்றாவது பிரஷ்

“பாத்ரூம்ல யாரோ இருக்காங்க. கதவைத் தட்டு, ஏட்டி!”

வீடியோ காலில் அண்ணன் உத்தரவு போட்டான். கத்தவில்லை, கிசுகிசுத்தான்.

நான் தட்டவில்லை. உள்ளே யார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் ஜிஜோ பட்டாளத்தில் இருக்கிறான். இப்போது ஜபல்பூரில். அப்பா ரிடையர் ஆனதும் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அன்றைக்கு வந்த ரோஷத்தில் லோன் போட்டு வடகரப்பதியில் இந்த வீட்டை வாங்கினான். முன்பக்கம் நாங்கள். பின்பக்கம் வாடகைக்கு. அதில் குப்பண்ணனும் அவர் மனைவி பழனாத்தாள் அக்காவும் இருக்கிறார்கள். அவர் வாளையாரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர்.

பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று நான் நின்றுவிட்டதால், வீட்டுக்கு மேனேஜர் நான்தான்.

பின்பக்கச் சுவரில் பதினாலு விதிகளை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கிறான் அண்ணன். ஆணி அடிக்கக் கூடாது. செருப்பு ஒரே வரிசையில் இருக்கணும். தங்குவது இரண்டே பேர். விருந்தாளி வந்தால் மூன்று நாள். பதினாலாவது விதி: சந்தேகம் இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து படிக்கவும்.

“எங்க செருப்பே அட்டேன்ஷன்ல நிக்குதுங் கண்ணு” என்பார் குப்பண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நான் பின்பக்கம் போய் ஒவ்வொரு அறையாகப் போட்டோ எடுத்து அனுப்பணும். இன்றைக்கு அனுப்பியதை அண்ணன் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். சாத்திய பாத்ரூம் கதவுக்கு வெளியே, கண்ணாடிக்குக் கீழே கப்பில் மூன்று டூத் பிரஷ். உடனே போன்.

“ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு பிரஷ்? ஆள் சேத்திருக்காங்க. உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லலை?”

“நீ கேக்கலை.”

பாத்ரூம் கதவு தானாகவே திறந்தது. பழனாத்தாள் அக்காவின் மகள் தாரணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒன்பதாம் மாதம். உள்ளே கவிழ்த்துப் போட்ட பக்கெட். ஞாயிற்றுக்கிழமை நான் போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் அவளுக்கு அதுதான் நாற்காலி.

“தப்புத்தானுங் கண்ணு” என்றார் பக்கத்தில் நின்ற அக்கா. “தலைப்பிரசவம். வளைகாப்புப் பண்ணி அம்மா ஊட்டுக்குக் கூட்டியாராம இருக்க முடியுங்களா? சொன்னா காலி பண்ணச் சொல்லீருவாரோன்னு பயந்துட்டமுங்.”

“காலிதான்!” என்றது போன். “ரூல்னா ரூல். புதன்கிழமைக்குள்ள அந்தப் பொண்ணு போகணும். இல்லைன்னா மூணு பேரும் போகணும். ஸ்பீக்கர்ல போடு, அவங்களும் கேக்கட்டும்.”

போட்டேன்.

“ஆஸ்பத்திரியில வெள்ளிக்கிழமைன்னு தேதி சொல்லியிருக்காங்க” என்றார் அக்கா. “இந்த வயித்தோட எங்கீங்க போவா?”

தாரணி சுவரில் சாய்ந்து நின்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அண்ணே, லயத்துல ஒரே அறையில நாம ஏழு பேரு படுத்துக் கிடந்தோம். மறந்துட்டியா?”

“அது எஸ்டேட்டு. இது என் சொத்து. ஒழுங்குன்னு ஒண்ணு வேணும்.”

“அதைச் சத்தமாச் சொல்லேன். எதுக்குக் கிசுகிசுக்கிற?”

“டியூட்டியில இருக்கேன்.”

“டியூட்டிக்கு லுங்கியா?”

படம் சட்டென்று மேலே திரும்பியது. மின்விசிறி மட்டும் தெரிந்தது.

“அம்மாகிட்டக் குடு” என்றேன். “அம்மா சொல்லட்டும், இவங்களைக் காலி பண்ணச் சொல்றேன்.”

அண்ணனுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா ஜபல்பூர் போய் ஒரு மாதம் ஆகிறது.

“இப்ப முடியாது.”

“ஏன்?”

“ஏட்டி, மெதுவாப் பேசு. எங்க ஓனர் மொட்டை மாடியில டேங்க் கழுவிட்டு இருக்காரு. எப்ப வேணா இறங்கி வருவாரு.”

“வரட்டுமே. வாடகை வீடுதானே, திருடின வீடா?”

“புருஷன், பொண்டாட்டி, குழந்தை. அதுக்கு மேல ஒரு ஆள் இருக்கக் கூடாதுன்னு அவரு கண்டிஷன். அம்மாவைப் போன வாரமே ரயிலேத்தச் சொல்லிட்டாரு.”

“நீ ஏத்தலையா?”

அந்தப் பக்கம் ஏதோ கதவுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. அம்மாவின் இருமல். எதிரொலியோடு.

“அம்மா எங்கே?”

“பாத்ரூம்ல.”

தாரணி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பழனாத்தாள் அக்கா சிரிக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“ஏனுங் தம்பி, பெரியவங்க எத்தனை நேரம் நிப்பாங்க? உக்கார ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டீங்களா?”

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

“அம்மா அப்பவே போடச் சொன்னாங்க” என்றான் அண்ணன், இன்னும் மெதுவாக. “நான்தான் போடலை.”