எண்ணெய் மட்டம்

2009 கோடையில் ஒரு ஞாயிறு. விம்பிள்டன் வீட்டுக் கராஜில் தானே கட்டிய சிறு விமானத்தை ஓடுபாதை ஓரம் நிறுத்தி, அதன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றினார் நவரத்தினம். எஞ்சினிலிருந்த எண்ணெய் திரும்பிவந்து தொட்டி ‘களக்’ என்றதும் அளவுகோலை இழுத்து மட்டம் பார்த்தார்.

“சரிதானே?” என்றாள் மனைவி அஜந்தா.

“ஓம். எண்டாலும் இன்னொருக்கால் பாப்பம்.”

“கழட்டின பழைய எண்ணெய் பில்டரை வெட்டிப் பாத்தனீங்களோ?”

“பாத்தனான். இரும்புத்தூள் ஒண்டும் இல்லை.”

மறுபடி சுற்றினார், மறுபடி பார்த்தார். இது நாலாவது தடவை.

“இன்னும் என்ன?”

“மேலை போய் எஞ்சின் நிண்டால்?”

கையைத் துடைத்துக்கொண்டு மெல்ல ஏறி, பெல்ட்டை இறுக்கினார். அந்த விமானத்தில் அவர் பறக்கப்போவது இதுதான் முதல் தடவை.

பக்கத்தில், விமானியின் இருக்கையிலிருந்த அஜந்தா ஹெட்செட்டை மாட்டியபடி கேட்டாள்:

“இவ்வளவு நாளும் நான் தனியப் பறக்கேக்கை ஒருக்காத்தானே பாத்தனீங்கள்?”